ரெய்னேரியோ வாய் மூடிய ஞாயிற்றுக்கிழமை

பரகோவா பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் முப்பது ஆண்டுகள் பேசியவர் ரெய்னேரியோ லெக்ரா. பேருந்து வந்தால் வந்தது என்று சொல்ல வேண்டும். நியமன ஆணையில் இருந்த வேலை அவ்வளவுதான். எண்ணெய்க் கப்பல்கள் வருவது நின்றுபோன பிறகு பேருந்து வருவதும் ஏறக்குறைய நின்றது. வேறொருவராக இருந்தால் ஒலிபெருக்கிக்கு உறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். ரெய்னேரியோ வராத பேருந்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்.

"குவாண்டனாமோ வண்டிக்குக் காத்துட்டிருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். வண்டி இன்னும் கெளம்பல. ஏன் கெளம்பலன்னு கேப்பீங்க. டிரைவர் வந்துட்டார். டயரும் வந்துருச்சு. ஆனா அந்த டயர் இந்த வண்டிக்கு இல்ல, சந்தியாகோ வண்டிக்கு. சந்தியாகோ வண்டிக்கு டயர் இருக்கு, டிரைவர் இல்ல. அப்ப இந்த டிரைவர அந்த வண்டியில ஏத்திவிடலாமேன்னு நெனைப்பீங்க. நெனைக்காதீங்க. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு."

அந்தக் காரணம் முடிய நாற்பது நிமிடம் ஆகும். பயணம் போக வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூடச் சாப்பிட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள்.

காரணம் சொல்வது அவருக்கு வேலையால் வந்த பழக்கம் அல்ல. பிறவியிலேயே இருந்த நோய். திருமணப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி, "மிக்டாலியாவை மனைவியாக ஏற்கிறீரா?" என்று கேட்டபோது, ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஏன் ஏற்கிறேன் என்று பதினோரு நிமிடம் விளக்கினார். அடுத்து வரிசையில் நின்ற ஜோடி அதைக் கேட்டுவிட்டு, தங்களிடம் அவ்வளவு காரணம் இல்லையே என்று யோசித்து வீட்டுக்குத் திரும்பிப் போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. நெரெய்டாவின் டோமினோ மேசையில் ஓர் இடம்.

நெரெய்டா தந்தி அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவர். ஒரு சொல்லில் முடிகிற விஷயத்தை இரண்டு சொல்லில் சொல்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் வீட்டு வாசலில், நடைபாதை ஓரத்து வாதுமை மரத்தடியில், நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் சதுர மேசை ஒன்று உண்டு. மேசை அவருடையது. காய்கள் அவருடையவை. வறுத்த பட்டாணி கலந்த காப்பியும் அவருடையது. ஆகவே சட்டமும் அவருடையதுதான். ஞாயிறு மதியம் அங்கே உட்காரும் நான்கு பேருக்கு ஊரில் உள்ள மரியாதை, நகரசபையில் உட்காரும் ஆட்களுக்குக் கிடையாது. நகரசபையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டோமினோ தெரியாதவர்கள் உலகில் இருக்கிறார்களாம். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மொத்தம் இருபத்தெட்டு காய்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். நடுவில் ஒரு கோடு, கோட்டின் இரு பக்கமும் புள்ளிகள். புள்ளியே இல்லாத மொட்டையில் தொடங்கி ஆறு வரை. இரு பக்கமும் ஒரே எண் இருந்தால் அது இரட்டை. கவிழ்த்துப் போட்டுக் கலைத்து, ஆளுக்கு ஏழாக எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. முதல் ஆள் ஒரு காயை நடுவில் வைப்பார். அடுத்தவர் அதன் ஏதாவது ஒரு முனையில், அதே எண்ணுள்ள தன் காயை ஒட்ட வேண்டும். ஐந்துக்கு ஐந்து, மூன்றுக்கு மூன்று. இப்படி நீளும் வரிசைக்கு எப்போதும் இரண்டு முனைகள். இரண்டுக்கும் பொருந்துகிற காய் கையில் இல்லையென்றால் விரல் கணுவால் மேசையைத் தட்ட வேண்டும். தட்டினால் முறை அடுத்தவருக்குப் போகும். முதலில் கையைக் காலி செய்பவரின் ஜோடிக்கு வெற்றி. எதிர் ஜோடியின் கையில் மிச்சமிருக்கும் புள்ளிகள் அத்தனையும் அவர்கள் கணக்கில் ஏறும். முதலில் நூறைத் தொடுபவர்களுக்குப் பந்தயம்.

இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வராதது மௌனம்தான். யார் எந்தக் காயை வைத்தார், யார் எதற்குத் தட்டினார், யார் எங்கே ஒரு நொடி தயங்கினார் என்று பார்த்துப் பார்த்தே மற்ற மூவர் கையிலும் என்ன இருக்கிறது என்று நல்ல ஆட்டக்காரர் கணித்துவிடுவார். எனவே காய் மேசையில் இருக்கும்வரை ஆடுபவர், பார்ப்பவர் யாருக்கும் பேச்சு கிடையாது. இருமல், புருவம், பெருமூச்சு, மேசைக்கடியில் கால், எல்லாம் பேச்சுதான். கையில் ஒரே ஒரு காய் பொருந்தும்போது, இரண்டு இருப்பதுபோல யோசித்துக் காட்டுவதுகூடக் குற்றம். யோசிக்க ஒன்றுமில்லாதவர் யோசிப்பதுபோல நடிப்பதை எங்கள் ஊர் இந்த ஒரு மேசையில்தான் அனுமதிப்பதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. யாராவது பொருந்தாத காயை வைத்துவிட்டால், அடுத்த காய் விழுவதற்குள் ஒருவர் "தப்பு" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் வைத்தவரின் ஜோடிக்கு அந்த ஆட்டம் தோல்வி. யாரும் சொல்லாமல் அடுத்த காய் விழுந்துவிட்டால், தப்பு சரியாகிவிடும். ஊரில் பல விஷயங்கள் இப்படித்தான் சரியாகியிருக்கின்றன.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு ரெய்னேரியோ அந்த மேசையில் ஒரே ஒரு முறை உட்கார்ந்தார். முதல் காயை வைத்துவிட்டு எதிரே இருந்த தன் ஜோடியிடம், ஊரில் சிநேகிதர்களை அழைக்கும் வழக்கப்படி, "மன்னிச்சுக்க கொம்பாய், இரட்டை மூணுல ஆரம்பிச்சிருக்கணும். ஆனா கையில மூணு வேற இல்ல, அதான்," என்றார். இரண்டாவது காய்க்கு, "இத ஏன் வைக்கிறேன்னா, நாலு நெறைய கெடக்கு," என்றார். மூன்றாவது காயை அவர் எடுக்கும்போது நெரெய்டா அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார். அன்றிலிருந்து ரெய்னேரியோவுக்கு வாதுமை மரத்துக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. பத்தொன்பது ஆண்டு ஞாயிறுகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

இப்போது மேசையில் இருந்த நால்வரில் பிலிபெர்த்தோ என்பவர் மகள் வீட்டோடு இருக்கக் கமாகுவேய்க்குப் போய்விட்டார். நாற்காலி காலி. பிலிபெர்த்தோவின் ஜோடியாக இருந்தவர் பல் மருத்துவர் உபால்டோ. எதிர் ஜோடி, கணக்கு வாத்தியார் செவெரினோவும் ரொட்டிக்கடை தோமாஸும்.

செவெரினோவுக்கு யோசனை தயாராக இருந்தது. "நம்ம அபெலார்தோ இருக்கானே! என் பொண்டாட்டியோட தம்பி. தங்கமான பையன். வாயே தெறக்க மாட்டான்."

தங்கமான பையனுக்கு வயது நாற்பத்தெட்டு. வாய் திறக்க மாட்டான் என்பது உண்மை. ஆனால் அக்காள் புருஷனைப் பார்த்துக் கண் சிமிட்ட வாய் தேவையில்லை என்பது உபால்டோவுக்குத் தெரியும். எதிரி வீட்டு ஆளைத் தனக்கு ஜோடியாக உட்கார வைக்கப் பார்க்கிறார் வாத்தியார் என்பது புரிய அவருக்கு இரண்டு நொடி கூட ஆகவில்லை.

"ரெய்னேரியோ," என்றார் உபால்டோ.

"எந்த ரெய்னேரியோ?" என்றார் செவெரினோ.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "நான்தான்! லெக்ரா! ஏன் சொல்றேன்னா நம்ம ஊர்ல ரெய்னேரியோ மூணு பேர் இருக்காங்க, ஒருத்தர் மீன் மார்க்கெட்ல..." என்று குரல் வந்தது.

"பாத்தீங்களா அக்கா," என்றார் செவெரினோ நெரெய்டாவிடம். "இவன உக்கார வெக்கிறதும் சேவல மேசை மேல ஏத்துறதும் ஒண்ணு."

ஆனால் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிச்சமிருப்பவருக்கு. அது நெரெய்டாவின் சட்டம். அவர் ரெய்னேரியோவை அருகே கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறு. நூறு புள்ளி வரைக்கும் ஒரு பந்தயம். காய் மேசையில இருக்கும்போது ஒரு சொல்லு, ஒரு கனைப்பு, ஒரு விரல் ஆட்டம்... எழுந்து போயிடணும். செத்தாலும் திரும்பி உக்கார முடியாது. கடைசி வரைக்கும் வாய மூடிட்டு இருந்தா, ஜெயிச்சாலும் தோத்தாலும் நாற்காலி உனக்கு."

"ஒருவேளை யாராவது தப்பா வெச்சா அக்கா? அப்ப நான் தப்புன்னு..."

"உன் ஜோடி சொல்லட்டும். நீ பேசக் கூடாது."

"இல்ல, ஏன் கேக்குறேன்னா..."

"ஏன் கேக்குறேன்னும் சொல்லக் கூடாது."

செவெரினோ காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் ரெய்னேரியோ பயிற்சி எடுத்தார். பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி இறுக்கிய கொய்யாக் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். வீட்டில் மிக்டாலியா, "உப்புப் போதுமா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். முதல் நாள் மிக்டாலியா மகிழ்ந்தாள். இரண்டாம் நாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கோழிச் சூப்போடு வந்து, "என்னடி, எப்போலருந்து இப்படி இருக்காரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

நிலையத்தில் நிலைமை இன்னும் மோசம். வியாழக்கிழமை காலை ஒலிபெருக்கி உயிர்பெற்றது. "குவாண்டனாமோ வண்டி இல்ல," என்றது. பிறகு அமைதி. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லையே! காரணம் இல்லையென்றால் வண்டி வருகிறது என்றுதானே அர்த்தம்? நம்மிடம் மறைக்கிறார்கள்! அறுபது பேர் மூட்டை, கோழி, குழந்தைகளோடு நடைமேடைக்கு ஓடி வரிசை கட்டினார்கள். சாயங்காலம் வரை நின்றார்கள். நிலைய மேலாளர் அறைக்குள் வந்து, "கொம்பாய், உன் கால்ல விழறேன், ஏதாவது காரணம் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல," என்று கெஞ்சினார். ரெய்னேரியோ கொய்யாக் கட்டியை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

ஞாயிறு வந்தது. மரத்தடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் ரெய்னேரியோ எத்தனை நிமிடம் தாங்குவார் என்று பார்க்க வந்தவர்கள். மிக்டாலியா வரவில்லை. "என்னால அந்தக் கொடுமையப் பாக்க முடியாது," என்று சொல்லிவிட்டாள். அபெலார்தோ மட்டும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, சலவைச் சட்டையோடு செவெரினோவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். எந்த நொடியும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் தெரிந்தது.

உபால்டோ ரெய்னேரியோவுக்கு எதிரே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்தே தன் காய்களைச் செவெரினோ படித்துவிடுகிறார் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கண்டுபிடித்திருந்தார். கண்ணாடி இல்லாமல் கையில் உள்ள காய் தெரியும். அருகில் உள்ள முனை தெரியும். தூரத்து முனை மங்கல்தான். யார் என்ன வைத்தார் என்ற கணக்கை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார்.

முதல் ஆட்டத்தில் ரெய்னேரியோவின் உதடுகள் இரண்டு முறை பிரிந்தன. இரண்டு முறையும் கூட்டம் முன்னால் சாய்ந்தது. இரண்டு முறையும் வெறும் காற்றுதான் உள்ளே போனது. மூன்றாவது ஆட்டத்தில் நெற்றியில் வியர்வை. காரணங்கள் தொண்டைவரை வந்து, நின்று, திரும்பி வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆனால் விளையாட்டு! பத்தொன்பது ஆண்டுகள் தூர நின்று பார்த்த மனிதன் என்னவெல்லாம் கற்றிருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. உபால்டோ எதைத் திறந்தாலும் ரெய்னேரியோ அதை மூடாமல் காத்தார். தோமாஸ் எதற்குத் தட்டினாரோ அதையே திரும்பத் திரும்ப முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். தோமாஸ் தட்டித் தட்டியே விரல் கணு சிவந்தார்.

ஆறு ஆட்டம் முடிந்தபோது செவெரினோ ஜோடிக்குத் தொண்ணூறு. ரெய்னேரியோ ஜோடிக்கு எண்பத்து நான்கு.

காய்களைக் கலைக்கும்போது பேசலாம். தோமாஸ் கலைத்துக்கொண்டே, "கொம்பாய், உயிரோடதான் இருக்கியா? இப்பவாவது பேசேன்யா, பயமா இருக்கு," என்றார். ரெய்னேரியோ தலையை ஆட்டி மறுத்தார். திறந்தால் மூட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"பேச மாட்டான், பேச மாட்டான்," என்றார் செவெரினோ. "இன்னிக்கு எதுவும் பேச மாட்டான். காரணம் இல்லாமயா?"

காரணம் என்ற சொல்லைக் கேட்டதும் ரெய்னேரியோவின் காது மடல் துடித்தது.

ஏழாவது ஆட்டம் கடைசி ஆட்டமாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரு பக்கமும் கைகள் மெலிந்துகொண்டே வந்தன. வரிசை மேசையின் மூலைவரை போய்த் திரும்பி வந்தது. ரெய்னேரியோவின் கையில் ஒரே ஒரு காய். இரட்டை ஆறு. கையில் தங்கிவிட்டால் பன்னிரண்டு புள்ளியை எதிரிக்குத் தாரை வார்க்கும் காய். முனைகளில் இருந்தவை ஐந்தும் இரண்டும். ஆறு எங்கும் இல்லை. தோமாஸிடமும் ஒரே காய்தான். உபால்டோவிடம் இரண்டு.

ஆட வேண்டியவர் செவெரினோ. அவரிடமும் இரண்டு காய்கள். மூன்று-இரண்டு ஒன்று, நான்கு-ஆறு ஒன்று. மூன்று-இரண்டை எடுத்து இரண்டின் முனையில் வைத்தால் போதும். ரெய்னேரியோ தட்டுவார். தோமாஸ் தன் கடைசிக் காயான ஐந்து-ஒன்றை ஐந்தில் வைத்துக் கையைக் காலி செய்வார். தோமாஸ் கையில் அதுதான் என்று கணக்கு வாத்தியாருக்கு எப்போதோ தெரியும். வெற்றி கையில் இருந்தது.

ஆனால் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பந்தயம் முடிந்துவிடும். இந்த வாய்க்காரன் வாயைத் திறக்காமலே முடித்துவிடுவான். நாற்காலி அவனுக்குப் போய்விடும். பின்னால் அபெலார்தோ எண்ணெய்த் தலையோடு நிற்கிறான். வீட்டில் மனைவி வேறு, "என் தம்பிக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுக்க முடியாத வாத்தியார்!" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செவெரினோ நான்கு-ஆறை எடுத்தார். ரெய்னேரியோவுக்கு அருகே இருந்த ஐந்தின் முனையில், நான்கை ஒட்டி, ஓசையில்லாமல் வைத்தார். எல்லாம் பழைய காய்கள். சில ஐந்துகளில் நடுப்புள்ளி தேய்ந்து நான்குபோலத் தெரியும். உபால்டோவுக்கு அந்த முனை வெறும் வெள்ளைப் புகை. வாத்தியார் வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார். தோமாஸும் நின்றிருந்தவர்களும் காயைப் பார்க்கவேயில்லை. ரெய்னேரியோவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவெரினோவும் காயைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததும் அந்த வாயைத்தான்.

ரெய்னேரியோ பார்த்தார். ஐந்தோடு நான்கு.

அவருக்குள் எழுந்ததைச் சொல்லில் அடக்க முடியாது. ஏனென்றால் அது முழுக்கச் சொற்கள்தான். இது தப்பு, ஏன் தப்புன்னா, ஐந்துக்கு ஐந்துதான் ஒட்டணும், இவர் நாலை ஒட்டியிருக்காரு, ஏன் ஒட்டியிருக்காருன்னா... கன்னம் இரண்டும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது ஆண்டுகளின் வராத பேருந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்குள் வந்து ஹாரன் அடித்தன. நாக்கு பல்லைத் தொட்டது. நெரெய்டா நாற்காலியின் முதுகில் கையை வைத்துத் தயாராகிவிட்டார்.

ஏன் ஒட்டியிருக்காருன்னா. அந்த இடத்தில் ரெய்னேரியோவின் உள்பேச்சு ஒரு கணம் நின்றது. எந்த வேலைக்கும் காரணம் தேடுகிறவருக்கு இதற்கும் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார் தப்பாக வைப்பாரா? தலையை உயர்த்தினார். செவெரினோவின் கண்கள் மேசையில் இல்லை. தன் உதட்டில் இருந்தன. காரணம் கிடைத்துவிட்டது.

கன்னங்கள் மெல்ல வற்றின. அதன் பிறகுதான் ரெய்னேரியோ முனையைச் சரியாகப் பார்த்தார். நான்கு-ஆறில் நான்கு உள்ளே போயிருந்தது. வெளியே தெரிந்தது ஆறு. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. அடுத்த காய் விழுந்துவிட்டால் அது சரியான காய். அடுத்த காய் வைக்க வேண்டியவர் அவர். அவர் கையில் இருந்தது இரட்டை ஆறு.

ரெய்னேரியோ அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துத் தூக்கினார். அப்படியே மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினார். கள்ளத்தனம் என்று சிலர் பிறகு சொன்னார்கள். உண்மையில் உள்ளுக்குள் காரணத்தை முழுதாகச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. காயின் முகம் செவெரினோவின் பக்கம் திரும்பியிருந்தது. பன்னிரண்டு புள்ளிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

செவெரினோ முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு முனையைப் பார்த்தார். பிறகு மறுபடி காயை. பொறி வைப்பதில் இருந்த மும்முரத்தில், பொறிக்குள் எதைத் திறந்து வைத்தோம் என்பதை வாத்தியார் எண்ண மறந்திருந்தார். தான் தப்பாக வைத்த காயின் மேலேயே, ஊரே பார்க்க, அந்தப் பேருந்து நிலையத்துக்காரன் இரட்டை ஆறை வைத்துக் கையைக் காலி செய்யப் போகிறான். இது நாளை மார்க்கெட்டுக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்குப் போகும். குவாண்டனாமோவுக்கும் போகும், பேருந்து இல்லாவிட்டாலும் போகும்.

காய் இறங்கத் தொடங்கியது. மெல்ல. மிக மெல்ல.

"வெக்காத!" என்று செவெரினோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வெக்காதய்யா! அது நாலு! அஞ்சுல நாலு வெச்சிருக்கேன், கண்ணு தெரியலயா? தப்பு! தப்பு! மூணு பேர் உக்காந்திருக்கீங்க, ஒருத்தனுக்குமா தெரியல?"

இரட்டை ஆறு இன்னும் மேசையைத் தொடவில்லை.

உபால்டோ பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, முனையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நாலு," என்றார்.

"வாத்தியாரே," என்றார் தோமாஸ் அழாத குறையாக, தன் ஐந்து-ஒன்றைக் காட்டி. "இதோ பாருய்யா! ரெண்டுல வெச்சிருந்தா முடிச்சிருப்பேனே! என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

நெரெய்டா ரெய்னேரியோவின் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். அவர் தீர்ப்பு சொல்லும்போது எல்லோரும் சொற்களை எண்ணுவார்கள்.

"தப்புக் காய். வெச்சவர் தோத்தார். தப்புக் காயையும் சேத்து ரெண்டு பேர் கையிலயும் இருபத்தோரு புள்ளி. நூத்தஞ்சு. ஆட்டத்துல பேசினவர் எழுந்திரிக்கணும்."

"அக்கா, நான் தப்பத்தானே சொன்னேன்! சட்டப்படி..."

"தப்புன்னு மட்டும் சொல்லணும். நீ சொன்னது பதினஞ்சு சொல்லுக்கு மேல."

"அக்கா! இந்தச் சட்டம் அவனுக்குப் போட்டது!"

"மேசைக்குப் போட்டது." புது ஜோடியைக் கேட்டு நெரெய்டா பார்த்ததும் தோமாஸ் எண்ணெய்த் தலையைக் கை காட்டினார். "அபெலார்தோ, உக்காரு."

அபெலார்தோ உட்கார்ந்தான். அக்காள் புருஷனின் நாற்காலியில், அக்காள் புருஷனின் சூடு இன்னும் ஆறாத பலகையில், தலைமுடியை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு. அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. மாமா சொன்னதை மாமா செய்துவிட்டார், அவ்வளவுதான்.

காய்களைக் கவிழ்த்துத் தோமாஸ் கலைக்கத் தொடங்கினார். அப்போதுதான் ரெய்னேரியோவின் வாய் திறந்தது. ஏன் பேசவில்லை, எப்போது பேச நினைத்தார், முதல் ஆட்டத்தில் இரட்டை மூன்றை ஏன் பிடித்து வைத்தார், கொய்யாக் கட்டி ஏன் கன்னத்தில் இருக்க வேண்டும், நாக்கின் கீழ் ஏன் கூடாது. மழைக்கால ஆறுபோல வந்தது. உபால்டோ கேட்டுக்கொண்டிருந்தார். தோமாஸ் நான்கு நிமிடம் கலைத்தார். ஐந்தாவது நிமிடம் கையை எடுத்துவிட்டார்.

"போதும் போதும், நல்லா கலைஞ்சிருச்சு. எடுங்கய்யா, ஏழு ஏழா எடுங்க!"

ரெய்னேரியோ ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். ஏழு காய்களை எடுத்துத் தன் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

வேடிக்கை பார்ப்பவர்கள் ஆட்டக்காரர்களின் முதுகுப் பக்கம் நிற்பது வழக்கம். செவெரினோவுக்கு நிற்க இடம் கிடைத்தது ரெய்னேரியோவுக்குப் பின்னால்தான். அங்கிருந்து பார்த்தால் ஏழு காய்களும் தெரிந்தன. அவற்றில் ஐந்தில் ஒரு பக்கம் மொட்டை. மிச்சம் இரண்டும் இரட்டை. இப்படி ஒரு கையை நாற்பது ஆண்டில் வாத்தியார் பார்த்ததில்லை. ரெய்னேரியோவின் முகம் மேசைப் பலகைபோல இருந்தது.

செவெரினோ திறந்த வாயை மூடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாதுமை மரத்தின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினார்.